தொற்றுக்குப் பிறகு ஒரு தோட்டக் கிராமத்தை நிமிர்த்துவது: யாழ்ப்பாணத்துக்கான முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை கொரோனாத் தொற்றுக்காக நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது, யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் அது சின்ன வெங்காயம் பிடுங்குகிற காலம். சந்தை பூட்டு, லொறி ஓட்டமில்லை. விளைந்தது வீட்டுக்குள் கிடந்தது. அந்த அடி ஆறுவதற்குள் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து நவம்பர் வரை இழுத்தது. 2022இல் எரிபொருள் வரிசை. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்குப் போனது. நோயால் நேரே வந்த இழப்பைவிட, அதைத் தொடர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாக வந்தவைதான் கமக்காரனின் கைமுதலைக் கரைத்தன.

இது கமக்காரர் அமைப்பு, சனசமூக நிலையம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் நிருவாகத்தில் இருப்பவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் காசு அனுப்புகிற ஊர்ச் சங்கங்களுக்கும் எழுதியது. ஏறக்குறைய நாற்பது ஐம்பது தோட்டக் குடும்பங்கள் உள்ள ஒரு கிராமத்தை மனதில் வைத்துக் கணக்குகள் போட்டிருக்கிறோம். பரப்பு என்று சொல்வதெல்லாம் தோட்டப் பரப்பு: 16 பரப்பு ஓர் ஏக்கர், ஒரு பரப்பு சுமார் 253 சதுர மீற்றர்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று: உதவி எவ்வளவு என்பதைவிட எந்த மாதத்தில் என்பதுதான் முக்கியம். நடுகைக்கு மூன்று கிழமைக்கு முன் கைக்கு வரும் இருபதாயிரம் முதலீடாகும். அதே இருபதாயிரம் நடுகை முடிந்து ஒரு மாதம் கழித்து வந்தால் சாப்பாட்டுக்கும் பழைய கடனுக்கும் போய்விடும். மார்கழி, தை நடுகைக்கான காசு கார்த்திகை முற்பகுதிக்குள் வரவேண்டும். வைகாசி நடுகைக்கானது சித்திரைப் பிறப்புக்கு முதல். தவறினால் அவசரப்பட்டுப் பங்கிடாமல் அடுத்த போகத்துக்கு வங்கியிலேயே வைத்திருங்கள். “காசை வைத்துக்கொண்டு தராமல் இருக்கிறார்கள்” என்று ஊரில் பேச்சு வரும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு கிழமைக் கணக்கெடுப்பு

உதவிப் பட்டியல் எழுதுவதற்கு முதல் ஊரை எழுதுங்கள். இரண்டு இரண்டு பேராக, ஒவ்வொரு சோடியிலும் ஒரு பெண் இருக்கத்தக்கதாக, ஒரு நாளைக்கு ஐந்து வீடு. ஒரு கொப்பித்தாளுக்குள் அடங்க வேண்டியவை இவ்வளவுதான்:

சொந்தக் காணி எத்தனை பரப்பு, குத்தகை எத்தனை, அதில் இந்தப் போகம் எத்தனை பரப்பு தரிசு. கிணறு தனியா, பங்கா. பங்கென்றால் எத்தனை பேர், இறைப்பு முறை எந்த நாள். இறைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயா, மின்சாரமா, ஓடுகிறதா. கையில் எத்தனை கிலோ விதை வெங்காயம் (திரும்ப நடுவதற்கு எடுத்துவைத்த வெங்காயம்) இருக்கிறது. கடன் யாரிடம், எவ்வளவு, எப்போது கட்டுவது, எது அடைவில் இருக்கிறது. வீட்டில் மண்வெட்டி பிடிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர். நோய்க்குப் பிறகு இளைப்பினால் பாரவேலை செய்ய முடியாதவர்கள் உண்டா.

இதில் இரண்டு இடத்தில் பிழை வரும். முதலாவது, காணி இல்லாத கூலிக் குடும்பங்கள் பட்டியலிலேயே வராமல் போவது. புல்லுப் பிடுங்கவும் வெங்காயத் தாள் வெட்டவும் போகிற பெண்களின் நாட்சம்பளம்தான் ஊரடங்கில் முதலில் நின்றது. கமக்காரர் அமைப்பின் அங்கத்தவர் இடாப்பை மட்டும் வைத்துத் தொடங்கினால் அவர்கள் கண்ணில் படமாட்டார்கள், கிராம அலுவலரின் பதிவையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது, கடன் விவரமும் நோய் விவரமும் கூட்டத்தில் வாசிக்கப்படுவது. ஒருதரம் அப்படி நடந்தால் அடுத்தமுறை ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். அந்த இரண்டு நிரலையும் வேறு தாளில் எழுதி இரண்டு பேர் மட்டும் வைத்திருக்க வேண்டும்.

தரிசாகக் கிடக்கும் பரப்புகளின் மொத்தமும் இல்லாத விதையின் மொத்தமும் கணக்கில் கிடைத்துவிட்டால், எதற்குக் காசு தேவை என்பது தானாகத் தெரியும்.

விதை வெங்காய வங்கி

பஞ்சம் வந்த வீட்டில் முதலில் விற்கப்படுவது நகை என்று நினைப்போம். தோட்டக்காரன் வீட்டில் அதற்கு முதலே விதை வெங்காயம் போய்விடும். கொட்டிலில் தொங்குகிற வெங்காயப் பிடிகளை இறக்கி விற்றால் அன்றைக்குச் சமையல் நடக்கும். ஆனால் இரண்டு மாதம் கழித்து நடும்போது அதே வெங்காயத்தை மிக உயர்ந்த விலைக்குக் கடனில் வாங்க வேண்டிவரும். ஊரில் செய்யக்கூடிய வேலைகளில் அதிக பலன் தருவது இந்த ஓட்டையை அடைப்பதுதான்.

எவ்வளவு தேவை? பாத்தி வரம்பும் வாய்க்காலும் போக ஒரு பரப்பில் நடக்கூடியது சுமார் 190 சதுர மீற்றர். இரு பக்கமும் 10 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நட்டால் ஏறக்குறைய 19,000 காய். ஒரு காய் 3 கிராம் என்றால் 57 கிலோ. காய் பெரிதென்றால் இன்னும் கூடும். ஆகவே பரப்புக்கு ஓர் அந்தர், அதாவது 50 கிலோவும் கைக்காவலாகப் பத்துக் கிலோவும். நாற்பது குடும்பம் ஆளுக்கு இரண்டு பரப்பு நட 4,800 கிலோ வேண்டும். இது ஒரு போகத்தில் சேராது. முதல் போகம் பத்துப் பன்னிரண்டு குடும்பத்தோடு தொடங்கி, திரும்பி வருவதைக்கொண்டு வளர்ப்பதே நடைமுறை.

விதைக்கான தறையை (தோட்டத் துண்டை) பயிர் நிற்கும்போதே குறியுங்கள். பிடுங்கிய பிறகு குவியலைப் பார்த்து விதை தெரிவது பாதிப் பிழையில் முடியும், ஏனென்றால் இலையில் வந்த நோய் காயில் தெரியாது. நட்டு 45 நாளளவில் விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். இலை முறுகி வளைந்த பாத்திகள், ஊதாப் புள்ளி விழுந்தவை, அடி அழுகல் கண்டவை எல்லாம் விதைக்கு வேண்டாம். குறித்த தறைக்குக் கடைசி மாதத்தில் யூரியா போடக்கூடாது. தாள் கொழுத்துக் கழுத்துத் தடித்தால் அது காயாது, அந்தக் கழுத்து வழியாகத்தான் அழுகல் இறங்குகிறது. பிடுங்குவதற்கு ஏழு முதல் பத்து நாளைக்கு முன் இறைப்பை நிறுத்துங்கள்.

பிடுங்கியதும் தறையிலேயே மூன்று நான்கு நாள் காயவிட வேண்டும். ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடத்தக்கதாகச் சரித்து அடுக்குங்கள். பங்குனி வெயில் நேரே பட்டால் காய் அவிந்துபோகும். கழுத்தை விரலால் நசுக்கினால் ஈரம் தெரியாத பதம் வந்தபிறகு இரண்டு மூன்று கிலோப் பிடிகளாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கவிடுங்கள். கிடுகுக் கூரை, நிலத்திலிருந்து இரண்டடி உயரம், பக்கங்களில் வலை, காற்று அகலப் பக்கத்தால் புகுந்து வெளியேறும் திசை. சீமெந்துச் சுவர் அறை அழகாக இருக்கும், ஆனால் அதற்குள் வெங்காயம் வியர்க்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பிடிகளைத் தட்டிப் பார்த்து அழுகலைக் களையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கொட்டிலில் வைக்காதீர்கள். நான்கு வீட்டுக் கொட்டில்களில் பிரித்து வையுங்கள். ஒரே இடத்தில் இருந்தால் ஒரு நோயோ ஒரு மழையோ போதும். சிலவேளை ஒரு சண்டையே போதும்.

திருப்பித் தரும் அளவைக் கணக்குப் பார்த்து வையுங்கள். மாசி, பங்குனியில் பிடுங்கி வைகாசிக்கு நடுவதென்றால் இரண்டு இரண்டரை மாதக் காவலில் கால்வாசி நிறை குறையும் என்று எடுங்கள். 50 கிலோ மீள நடுவதற்கு 67 கிலோ உள்ளே வந்திருக்க வேண்டும், ஆகவே 50 எடுத்தவர் காய்ந்த வெங்காயமாக 70 கிலோ தர வேண்டும். ஆடி, ஆவணியில் பிடுங்கியது மார்கழி வரை நிற்கவேண்டும். அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகலாம் என்பதால் 80 கிலோ. ஒரு பரப்பில் 300 கிலோவுக்குக் குறையாமல் எடுக்கும் கமக்காரருக்கு இது தாங்கக்கூடியது. “காய்ந்த” என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பச்சைத் தாளோடு தராசில் ஏற்றுகிறவர் எல்லா ஊரிலும் உண்டு. மழையில் பயிர் போனவருக்கு ஒரு போகம் தவணை கொடுங்கள், மேலதிகம் கேட்காதீர்கள். இரண்டாம் முறையும் போனால் அந்தத் தறையின் வடிகாலைப் பார்க்க வேண்டும், ஆளை அல்ல.

புதிதாகப் பிடுங்கிய வெங்காயத்தை உடனே நடத் தருவதும் அடிக்கடி நடக்கிற பிழை. உறக்கம் தெளியாத காய் ஒழுங்காக முளைக்காது. பாத்தியில் அங்குமிங்குமாக வெற்றிடம் விழும், புல்லு முந்திவிடும். காய்க்குப் பதிலாக உண்மை விதையில் (பூவில் விளையும் விதையில்) நாற்றுப் போட்டு நடுவது விதைச்செலவைக் குறைக்கும். ஆனால் நாற்றுமேடைக்குக் கைப்பழக்கம் வேண்டும், அறுவடையும் பிந்தும். முதல் வருடம் அரைப் பரப்பில் பழகிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெங்காயம் வரும்வரை சாப்பிடுவது என்ன

நட்டு 65 முதல் 75 நாள் வரை வெங்காயம் காசு தராது. அந்த இடைவெளியில்தான் வட்டிக்கு எடுக்கிறார்கள். ஆகவே நான்கு பரப்புள்ள குடும்பத்தை நான்கிலும் வெங்காயம் போடவிடக்கூடாது. ஒரு பங்கீடு: இரண்டு பரப்பு வெங்காயம், ஒரு பரப்பு கத்தரி அல்லது பீற்றூட், அரைப் பரப்பு கீரையும் முள்ளங்கியும், அரைப் பரப்பு பயிற்றங்காய், வெண்டி.

கீரை 25 முதல் 30 நாளில் சந்தைக்குப் போகும். அதைக் கிழமைக்கொரு பாத்தியாக நான்கு முறை விதைத்தால் ஒரே நாளில் விளைந்து விலை விழாது. முள்ளங்கி 45 நாள். பயிற்றங்காயும் வெண்டியும் ஏறக்குறைய 45, 50 நாளில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்கலாம். பயறு 60, 65 நாள். பீற்றூட் மூன்று மாதத்துக்குக் கிட்ட. வாழை பத்து மாதத்துக்குக் குறையாது, ஆகவே மீட்சிக் காலத்தில் புதிதாக வாழைக்குக் கடன் கொடுப்பது அவசரமில்லை.

தரிசாகக் கிடக்கும் குத்தகைக் காணிக்குப் பசுந்தாட் பசளையாகப் பரப்புக்கு முக்கால் முதல் ஒரு கிலோ சணல் விதை போதும். பூக்கிற பருவத்தில், 45 நாளளவில், லான்ட்மாஸ்ரரால் (இரு சில்லு உழவு இயந்திரத்தால்) உழுது புதையுங்கள். தண்டு முற்றிவிட்டால் உக்க நாளெடுக்கும், உழவு வாரிலும் சிக்கும். புதைத்து இரண்டு மூன்று கிழமை விட்டே நடவேண்டும். பசளை கிடைக்காத 2021இல் கைகொடுத்தவை குழை தாழ்ப்பது (பச்சை இலைகளை மண்ணுக்குள் புதைப்பது), பட்டி அடைப்பது (எருவுக்காக மாடு ஆடுகளைத் தோட்டத்தில் அடைப்பது) போன்ற பழைய வழக்கங்கள்தான். பசளை திரும்ப வந்ததும் அவற்றை விட்டுவிட வேண்டிய காரணம் ஒன்றுமில்லை. யூரியா மலிந்தால் இரட்டிப்பாக அள்ளிப் போடுகிற பழக்கமும் திரும்புகிறது. பயிர் எடுக்காத நைத்திரேற்று சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் நேரே கிணற்றுக்குப் போகும். அதே கிணற்றில்தான் வீட்டுக் குழந்தைக்கும் தண்ணீர் அள்ளுகிறோம். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை.

கிணறும் இறைப்பும்

மண்ணெண்ணெய் விலை ஏறியபிறகு இறைப்புச் செலவுதான் பலரைத் தோட்டத்தை விட்டுப் போகச் செய்தது. இயந்திரம் வாங்கிக் கொடுப்பதற்கு முதல் அளந்து பாருங்கள். ஒரு 200 லீற்றர்ப் பீப்பா, ஒரு மணிக்கூடு. பீப்பா 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 300 லீற்றர். ஒரு பரப்புக்கு 20 மில்லிமீற்றர் தண்ணீர் விட 5,000 லீற்றர் வேண்டும், அது 17 நிமிட ஓட்டம். தறையில் அரை மணித்தியாலம் ஓடினால் மிச்சம் 13 நிமிடமும் மண் வாய்க்காலில் போகிறது. வாய்க்காலுக்குப் பதில் குழாய் போட்டாலே எரிபொருள் அந்த அளவுக்குக் குறையும். புதிய இயந்திரத்தைவிட ஒரு சுருள் குழாய் மலிவு.

எரிபொருளையும் அப்படியே: தாங்கியை நிரப்பி ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, அளவுப் போத்தலால் மீள நிரப்பிப் பாருங்கள். மின்மோட்டருக்கு மாறினால் ஒரு குதிரைவலு மோட்டர் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஓர் அலகு எடுக்கும். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாறுவதா இல்லையா என்பது அந்தக் குடும்பத்துக்கே விளங்கும். இணைப்புக் கம்பி தறைவரை இல்லாவிட்டால், பங்குக் கிணற்றுக்காரர் எல்லாரும் சேர்ந்து ஒரு இணைப்பு எடுத்து, உப மானியால் பிரித்துக் கட்டலாம். உப மானி இல்லாத பங்கு மோட்டர் மூன்றாம் மாதம் வழக்கில் முடியும்.

சூரியசக்திப் பம்பு கொடுக்கப் பலர் விரும்புகிறார்கள். கொடுக்கலாம். ஆனால் செலவில்லாத தண்ணீர் அளவில்லாமல் ஓடும், அது யாழ்ப்பாணத்தில் ஆபத்து. நமது நன்னீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால்தான் கீழே நாற்பதடியளவு நன்னீர் தாங்கும். மேலே ஓரடி இறங்கினால் கீழே உப்பு அதே கணக்கில் ஏறும். ஆவணி, புரட்டாதியில் நாள் முழுக்க இறைத்த கிணறு உவர்ப்பது இதனால்தான். சூரியசக்தி கொடுத்தால் நேரக்கட்டுப்பாட்டு ஆளியும் சேர்த்துக் கொடுங்கள்: ஒரு மணித்தியாலம் ஓட்டம், பிறகு ஊற விடுதல்.

தண்ணீரின் உப்பை அளக்க ஊருக்கு ஒரு பேனை வடிவ மின்கடத்துதிறன் மானி வாங்கி வைக்கலாம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கிணற்றிலும் இறைப்பு முடியும் நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதுங்கள். சென்ரிமீற்றருக்கு 800 மைக்ரோசீமன்ஸுக்குள் இருந்தால் வெங்காயத்துக்குக் குறையில்லை. 1,200இல் விளைச்சலில் பத்திலொரு பங்கு போகும். 1,800இல் கால்வாசி போகும். மிளகாய் 1,000 வரை, தக்காளி 1,700 வரை குறையின்றித் தாங்கும். பீற்றூட் 2,700 வரை நிற்கும். ஆகவே உவர்க் கிணற்றுக்காரருக்கு வெங்காய விதை கொடுப்பது அவரைக் கடனாளியாக்குவது. பீற்றூட் விதை கொடுங்கள்.

சொட்டுநீர்க் குழாய் போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நமது தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலுக்குள் வெள்ளை படிவதுபோலவே துளைக்குள்ளும் படியும். வடிகட்டியைக் கிழமைதோறும் கழுவி, மாதம் ஒருமுறை குழாய் முனையைத் திறந்து ஓடவிட்டு, போகம் முடிய விற்பனையாளர் சொல்லும் அளவில் ஐதான அமிலம் விட்டுக் கழுவாவிட்டால் இரண்டாம் போகத்தில் பாதித் துளை அடைபட்டிருக்கும்.

கடனைப் பிரித்துப் பார்த்தல்

எல்லாக் கடனும் ஒரே கடன் அல்ல. கணக்கெடுப்பில் வந்ததை நான்காகப் பிரியுங்கள்: வியாபாரியின் முற்பணம், கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்நிதிக் கடன், பயிர் மருந்துக்கடைக் கடன், வங்கி அடைவு.

முதலில் தீர்க்க வேண்டியது வியாபாரியின் முற்பணம் என்பது எங்கள் கருத்து. அதில் வட்டி என்று எழுதியிருக்காது. ஆனால் விளைந்ததை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும், நிறையில் வெட்டும் கழிவும் அவர் வைத்ததே. அந்தக் கட்டு இருக்கும்வரை கூட்டு விற்பனைக்கு அந்தக் குடும்பம் வரமுடியாது. அடுத்தது நுண்நிதி. ஐம்பதாயிரம் ரூபா, வருடத்துக்கு 24 வீதம் நிலையான வட்டி, 52 கிழமை என்றால் மொத்தம் 62,000. கிழமைக்குச் சுமார் 1,192. கேட்க 24 வீதம். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் குறைந்துகொண்டு வருவதால், கையில் சராசரியாக இருந்த காசு பாதிதான். குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் வட்டி 40 வீதத்தையும் தாண்டும். கையெழுத்து வைப்பதற்கு முதல் இந்தக் கணக்கை வீட்டுக்காரரோடு இருந்து போட்டுக் காட்டுவதற்கு ஊரில் ஓர் ஆள் வேண்டும். சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் உயிரோடிருக்கும் ஊரில் அந்தக் கடனை அதற்கு மாற்றி, கட்டுத் தவணையைக் கிழமையிலிருந்து அறுவடை மாதத்துக்கு நகர்த்தலாம்.

அடைவு நகை கடைசிக்கு நிற்கலாம், ஏலத் திகதியை மட்டும் குறித்து வையுங்கள். இன்னொன்று: தொற்றுக் காலத்தில் கிடைத்ததுபோன்ற கடன் நிவாரணத் தவணை என்றால் கட்டுவதுதான் நிற்கும், வட்டி நிற்காது. “இப்ப கட்டத்தேவையில்லையாம்” என்று கேட்டுச் சந்தோசப்பட்டவர்கள் பிறகு பெருத்த மீதியைக் கண்டு திகைத்தார்கள். நிவாரணம் எடுக்கமுன் முடிவில் மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டு ஊர்ச் சங்கத்தின் காசு சுழற்சி நிதியாக வரும்போதுதான் நிலைக்கிறது. மூன்று கையெழுத்து, அதில் இருவர் சேர்ந்தால் எடுக்கலாம், ஒருவராவது பெண். அறுவடை முடிந்து 15 நாளில் திரும்பக் கட்டுதல். எல்லாருக்கும் சமமாக ஐயாயிரம் பங்கிட்டால் ஒருவருக்கும் நடுகை முடியாது. இருபது குடும்பத்துக்கு முழுச்செலவையும் கொடுத்து, அது திரும்பியதும் அடுத்த இருபதுக்குக் கொடுங்கள். யார் முதல் என்பதைக் கூட்டத்தில் திருவுளச்சீட்டால் எடுத்தால் பிணக்கு குறையும். பொதி கொடுக்கும்போது ஆளை நிறுத்திப் படம் எடுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கணக்கறிக்கை அனுப்பினால் போதும்.

சந்தைக்குப் போகும் நிறை

திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம் என்று எங்கே கொண்டுபோனாலும் கமக்காரரின் பழைய முறைப்பாடு கழிவு. நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழித்துக்கொண்டு தொண்ணூறுக்குக் காசு கொடுக்கும் வழக்கத்துக்கு எதிராகப் பலமுறை குரல் எழுந்திருக்கிறது. தனித்தனியே நின்று தர்க்கிப்பதால் இது மாறாது. நல்லது கெட்டதை ஊரிலேயே பிரித்து, நிறுத்து, பற்றுச்சீட்டோடு கொண்டுபோகும்போது கழிவு கேட்பதற்கான சாட்டு இல்லாமல் போகிறது.

சேகரிப்பு நிலையத்துக்குப் பெரிய கட்டடம் வேண்டாம். சனசமூக நிலையத்தின் விறாந்தையும் நிழலும் போதும். தேவையானவை: அளவீட்டுத் திணைக்கள முத்திரை பதித்த 100 கிலோ இலத்திரனியல் தராசு, நாற்பது ஐம்பது பிளாஸ்ரிக் கூடைகள், மூன்று பிரதி விழும் பற்றுச்சீட்டுப் புத்தகம். கூடைக்கு 20 கிலோவுக்கு மேல் வேண்டாம். 50 கிலோ உரப்பைக்குள் அமுக்கிய கத்தரியும் தக்காளியும் பட்டாவில் (சிறிய லொறியில்) போகும்போதே கீழ் அடுக்கு நசிந்துவிடும், வியாபாரி கழிவு கேட்பதற்கு அதுதான் முதல் காரணமாகிறது.

இரண்டு பயிரோடு தொடங்குங்கள். கிழமையில் இரண்டு நாள், காலை 6 மணி முதல் 8 வரை. வெங்காயத்தை மூன்று தரமாக, மற்றதை இரண்டாக. கொண்டுவந்த அன்றே மதிப்பிட்ட விலையில் 70 வீதத்தைக் கொடுத்து, விற்றபிறகு மிச்சத்தைத் தீருங்கள். இதற்கு இரண்டு கிழமைக் கொள்வனவுக்குரிய கைமுதல் வேண்டும். இது இல்லாமல் தொடங்கிய நிலையங்கள் மூன்றாம் கிழமையில் “நாளைக்கு வாங்கோ” என்று சொல்லி அத்தோடு மூடின. வைத்தியசாலை, விடுதி, உணவகம் போன்ற நிரந்தர வாடிக்கை பிடிக்கும்போது விலையைவிட அவர்கள் எத்தனை நாளில் காசு தருவார்கள் என்பதைப் பாருங்கள். அறுபது நாள் கடனைச் சிறிய நிலையம் தாங்காது.

அங்கத்தவர் விளைச்சல் முழுவதையும் நிலையத்துக்கே தரவேண்டும் என்று விதி போடாதீர்கள். வெளியே விலை ஏறிய நாளில் எல்லாரும் உடைப்பார்கள், உடைத்த வெட்கத்தில் திரும்ப வரமாட்டார்கள். மூன்றிலொரு பங்கு கேளுங்கள். அந்த அளவு ஒழுங்காக வந்தாலே வாடிக்கையாளருக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றலாம்.

விலை விழும்போது பதப்படுத்தல் என்று உடனே இயந்திரம் வாங்கத் தோன்றும். முதலில் ஊருக்குக் கைவந்ததைச் செய்யுங்கள்: மோர்மிளகாய், மிளகாய்த்தூள், ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, பனாட்டு. காணியில்லாத பெண்களுக்கு நாட்சம்பளம் கொடுக்கக்கூடிய வேலை இதுதான். பொதியில் நிறை, உட்பொருள், உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, முகவரி இருக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தொடங்க முதலே கூட்டிவந்து இடத்தைக் காட்டுங்கள். ஒடியல் திரும்பி வருவதற்கான காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கையால் முறித்தால் சத்தத்தோடு முறியும் பதம் வரமுதல் பொதி செய்வது.

ஆடு, கோழி கொடுக்கும் திட்டங்களுக்கு ஒரு வரி: தீனும் தடுப்பூசியும் ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்க முடியாவிட்டால் கோழி கொடுக்காதீர்கள்.

பதிவு, கடிதம், காப்புறுதி

கமக்காரர் அமைப்பு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதியப்பட்டு, வருடாந்தக் கூட்டமும் கணக்கும் முடிந்ததாக இருக்க வேண்டும். மானியமும் இழப்பீடும் வரும்போது கமநல சேவை நிலையம் முதலில் கேட்பது அதைத்தான். குத்தகைக்காரரின் பெயர் காணிப் பதிவில் இல்லாததால் பசளை மானியம் காணிக்காரருக்குப் போய்விடுகிறது. ஒரு வருடக் குத்தகையையும் எழுத்தில் எடுத்து நிலையத்தில் பதியச் சொல்லுங்கள். பயிர்க் காப்புறுதிக்கு நடுகைக்கு முதல் விண்ணப்பிக்க வேண்டும். வெள்ளம் வந்தபிறகு படிவம் தேடிப் பயனில்லை.

அடுத்த பூட்டுக்கான கோப்பு

இன்னொரு ஊரடங்கு வந்தால் முதல் மூன்று நாளில் தேவைப்படுவதை இப்போதே ஒரு கோப்பில் வையுங்கள். போக்குவரத்து அனுமதிக்குக் கொடுக்கக்கூடிய கமக்காரர் பட்டியல், அடையாள அட்டை இலக்கம், தறை இருக்கும் இடம். பட்டா, லான்ட்மாஸ்ரர் வைத்திருப்பவர்கள், சாரதிகள். பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், பிரதேச சபை ஆகியவற்றில் யாரிடம் பேசவேண்டும். வீட்டுக்கு வீடு கொடுக்கும் ஐந்து கிலோ மரக்கறிப் பொதியின் அளவு: கத்தரி ஒரு கிலோ, பூசணி ஒன்றரை, வாழைக்காய் ஒரு கிலோ, பயிற்றங்காய் அரை, வெங்காயம் அரை, கீரை இரண்டு பிடி, பச்சைமிளகாய் நூறு கிராம், மிச்சத்துக்குத் தேசிக்காயோ தக்காளியோ. ஒவ்வொரு குறிச்சிக்கும் வட்ஸ்அப் குழு ஒன்று, அதில் எழுதுகிறவர் இருவர் மட்டும். கைபேசியில் எழுத்து வாசிக்காதவர்களின் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியவரின் பெயர்.

கோப்பின் ஒரு பிரதி சனசமூக நிலையத்தில், ஒன்று கூட்டுறவுச் சங்கத்தில், ஒன்று கிராம அலுவலரிடம். தை மாதமும் ஆடி மாதமும் திறந்து பெயர்களைச் சரிபாருங்கள். அப்போதே தராசின் மின்கலத்தை மாற்றி, கூடைகளை எண்ணி, விறாந்தைத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதையும் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.